மார்பிள் மொசைக் பதிக்கலாமா? முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மதுரைக்கு அருகே புதுவீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். குளியலறைத் தரை, சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர், பூஜையறைச் சுவர் ஆகிய மூன்று இடங்களிலும் வெள்ளை மார்பிள் மொசைக் (சிறு சில்லுகளை வலையில் ஒட்டிய ஷீட்) பதிக்க ஆசை. எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் என்கிறார் கடைக்காரர். வழக்கம்போல் சிமெண்ட் பால் ஊற்றிப் பதித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். அப்பா காலத்து வீட்டில் மொசைக் தரையை ஆசிட் ஊற்றித்தான் கழுவினோம், ஒன்றும் ஆகவில்லை. எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பதிப்பது, பிறகு எப்படிப் பராமரிப்பது?

பதில்:

பூஜையறைச் சுவரில் தாராளமாகப் பதியுங்கள். அடுப்புச் சுவருக்கு வேண்டாம். குளியலறைத் தரைக்கு மட்டும் எடுத்த எடுப்பில் பதில் சொல்ல முடியாது. குழாயில் எந்தத் தண்ணீர் வரப்போகிறது, அந்தத் தரையை யார் கழுவப்போகிறார்கள் என்ற இரண்டும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். கடைக்காரர் இவற்றைக் கேட்டிருக்க மாட்டார். அவர் வேலை விற்பது.

சுண்ணாம்புக்கல் பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி இறுகியதுதான் மார்பிள். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சில வகைகளில் மக்னீசியமும் சேர்ந்து டோலமைட்டாக இருக்கும். அமிலம் பட்டால் இரண்டுமே கரையும். டோலமைட் கொஞ்சம் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். கடையிலிருந்து உதிரிச் சில்லு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, அதன் பாலிஷ் பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. உற்றுப் பார்த்தால் சொட்டுக்குள் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புவது தெரியலாம். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சில்லைச் சாய்த்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடம் வட்டமாக மங்கிப்போயிருக்கும். அது கறை இல்லை. ஆகவே எந்த சோப்பாலும் போகாது. கல்லின் மேல்தோலே கரைந்துபோன இடம் அது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உள்ள வீடுகளில் குழாயின் மூக்கிலும் வாளியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிவதை நாம் உப்பு என்கிறோம். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். அதாவது, கறையும் கல்லும் ஒரே பொருள். உப்பைக் கரைக்கும் எதுவும் மார்பிளையும் கரைக்கும். கல்லை விட்டுவிட்டு உப்பை மட்டும் கரைக்கும் திரவம் எதுவும் கிடையாது. செராமிக் டைல்ஸ் மீது படிந்த உப்பை ஆசிட் ஊற்றி எடுத்துவிடலாம், டைல்ஸுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்த வழி மார்பிளில் அடைபட்டுவிடுகிறது.

எனவே கல் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. தனியார் ஆய்வகங்களும் உண்டு. அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை என்ற எண்ணைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. இது குடிப்பதற்கான கணக்கு. தரைக்கு என் கணக்கு இதைவிடக் கறாரானது: 300-ஐத் தாண்டினால், தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைக்காத குளியலறையின் தரையில் மார்பிள் மொசைக் பதிக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆற்றுக் குடிநீர் வரும் வீடு என்றால் பேச்சே வேறு.

அடுத்தது கழுவுபவர். கழிப்பறை கழுவும் நீல நிறத் திரவங்கள் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தவை. கழிப்பறைக் கோப்பைக்குள் ஊற்ற வேண்டியதைத் தரையிலும் இரண்டு சுற்று சுற்றி ஊற்றித் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் நீங்கள் ஒருமுறை சொல்லலாம்; அவர் வராத நாளில் பதிலுக்கு வருபவருக்கு யார் சொல்வது? விருந்துக்கு வந்த சித்தி, பாவம், உதவி செய்கிறேன் என்று கழுவிவிட்டால்? ஒரே ஒரு தடவை போதும். கோப்பையைச் சுற்றி அரை அடி அகலத்துக்குக் கல் வெளிறி, பளபளப்புப் போய், விரலுக்குச் சாக்பீஸ் மாதிரி தட்டுப்படும். கழிப்பறையும் குளிக்கும் இடமும் ஒரே அறையில் இருந்தால் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும். இரண்டும் தனித்தனி என்றாலோ, இடையில் கண்ணாடித் தடுப்பு இருந்தாலோ, குளிக்கும் பகுதியில் மட்டும் மொசைக் பதித்துவிட்டு மற்ற இடத்துக்குச் சாதாரண டைல்ஸ் போடுவது புத்திசாலித்தனம்.

"அப்பா காலத்தில் ஆசிட் ஊற்றினோமே" என்று கேட்டிருக்கிறீர்கள். அது வேறு ஜாதித் தரை. மார்பிள் சிப்ஸை வெள்ளை சிமெண்டிலும் நிறப்பொடியிலும் கலந்து, தரையிலேயே கொட்டிப் பரப்பி, இறுகிய பின் மெஷின் கல்லால் படிப்படியாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டது. நீங்கள் இப்போது வாங்கப்போவது சிறு சில்லுகளாக அறுத்து வலையில் ஒட்டிய ஷீட். தவிரவும், பழைய தரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் சரியல்ல. அந்த வீட்டுக் குளியலறையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். சிப்ஸுக்கு இடையில் இருந்த சிமெண்ட் அரித்துப்போய்ச் சொரசொரப்பாக இருக்கும். ஆனாலும் அந்தத் தரையை மறுபடி மெஷின் விட்டுத் தேய்த்தால் அடியிலிருந்து புதுத்தரை எழும்பிவிடும். அந்த வீடு இன்னும் உங்கள் கையில் இருந்தால், தயவுசெய்து அந்த மொசைக்கை உடைத்துவிட்டு அதன்மேல் டைல்ஸ் போடாதீர்கள். இன்று அதே தரத்தில் போட்டுத் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

அடுப்புச் சுவருக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், நம் சமையலில் மார்பிளுக்கு ஆகாதவை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர் எல்லாமே அமிலம். தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும். இவை போதாதென்று மஞ்சள். மஞ்சள் கறை பட்ட வெள்ளைக் கல்லை சோப்புத் தண்ணீரால் துடைத்தால் மஞ்சள் போவதற்குப் பதிலாகச் சிவக்கும். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தைத் தொட்டால் சிவப்பாக மாறும் தன்மையுடையது. கல்லையாவது துடைத்துவிடலாம், சில்லுகளுக்கு இடையே உள்ள இடுக்கை நிரப்பும் கிரவுட் கலவையை என்ன செய்வது?

இந்த இடுக்குக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்ட சுவரில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஓர் அடி நீளம்தான் ஜாயின்ட் வரும். ஓர் அங்குலச் சில்லு மொசைக்கில் அதே ஒரு சதுர அடிக்கு 24 அடி. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்தாலும் சுவரின் பரப்பில் சுமார் 15 சதவீதம் கல்லே இல்லை, கிரவுட்தான். நீங்கள் கல்லைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறீர்கள். கூடவே ஏழில் ஒரு பங்குக்கு கிரவுட்டையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். அடுப்புக்குப் பின்னால் மார்பிள் தோற்றம்தான் வேண்டும் என்றால், மார்பிள் வரி அச்சிட்ட விட்ரிஃபைட் பலகை ஒன்றை ஜாயின்ட் இல்லாமல் நிறுத்திவிடுங்கள். அசல் இல்லையே என்று வருத்தமாக இருந்தால், அந்த அசலைச் சமையலறையை ஒட்டிய கைகழுவும் இடத்துச் சுவரில் வையுங்கள். அங்கே அழகாகவும் இருக்கும், பிழைத்தும் கிடக்கும்.

பூஜையறைச் சுவர் மார்பிள் மொசைக்குக்கென்றே அமைந்த இடம். தண்ணீர் இல்லை, நடமாட்டம் இல்லை. விளக்கொளி பட்டால் சில்லுகள் ஒவ்வொன்றும் சற்றே வேறுவேறு தொனியில் மின்னும். பெரிய பலகைக் கல்லில் அந்த அழகு வராது. கவனிக்க வேண்டியது இரண்டு. விளக்கு வைக்கும் மேடையை மொசைக்கில் செய்யாதீர்கள். எண்ணெய் சிந்தினால் ஜாயின்ட் வழியே உறிஞ்சி, கல்லின் ஓரமெல்லாம் கருத்துவிடும். மேடைக்குக் கருப்பு கிரானைட் பலகை போதும். இரண்டாவது, பித்தளைச் சாமான்களைப் புளி போட்டு விளக்குவதை அந்த அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கற்பூரப் புகை சுவரில் படியும், ஆனால் அது மேலோடு இருக்கும் கரிதான். ஈரத்துணியால் அவ்வப்போது துடைத்தால் வந்துவிடும்.

இனி கடைக்குப் போகலாம். வெள்ளை மார்பிள் என்றால் நம் நாட்டில் முதலில் மக்ரானாதான். தாஜ்மகாலும் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபமும் அந்த ராஜஸ்தான் கல்லில் கட்டியவை. ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும், இறுக்கமான கல் அது. ராஜ்நகர், அம்பாஜி வெள்ளைகளும் சந்தையில் கிடைக்கின்றன. இத்தாலியக் கராரா கல்லின் சாம்பல் வரிக்குத் தனி அழகு உண்டு. ஆனால் வெள்ளைக் கற்கள் சிலவற்றில் இரும்புக் கனிமம் நுண்ணியதாக ஒளிந்திருக்கும், தொடர்ந்து ஈரம்பட்டால் மஞ்சளாகவும் பழுப்பாகவும் வெளியே வரும். அதை எந்த மருந்தாலும் முழுதாக எடுக்க முடியாது. ஷீட்டைப் பார்த்து இது மக்ரானாவா, வேறா என்று கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். பெயரை நம்புவதைவிட ஒரு சோதனையை நம்புங்கள்.

சோதனை இதுதான். வாங்கப்போகும் வகையில் ஒரே ஒரு ஷீட்டுக்குக் காசு கொடுத்து எடுத்து வாருங்கள். பக்கெட்டில் உங்கள் வீட்டுத் தண்ணீரையே நிரப்பி இரண்டு நாள் மூழ்கவிடுங்கள். வெளியே எடுக்கும்போது வலையிலிருந்து சில்லுகள் உதிர்ந்தால், ஒட்டிய பசை தண்ணீரில் கரைகிற ரகம், குளியலறைக்கு ஆகாது. பிறகு நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் திட்டுத்திட்டாகக் கருப்பாகவோ மஞ்சளாகவோ நின்றால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். கருப்பு, அடர்நிற ஷீட்களுக்கு இன்னொரு சோதனை: வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பார்ப்பது. துணியில் நிறம் இறங்கினால் சாயம் ஏற்றிய கல் என்று அர்த்தம்.

பச்சை மார்பிள் பற்றி ஒரு வார்த்தை. ராஜஸ்தான் பச்சை என்று விற்பது கண்டிப்பாகச் சொன்னால் மார்பிளே இல்லை, சர்ப்பன்டைன் என்ற வேறு கல். தண்ணீர் கலந்த பசையில் ஒட்டினால் அது ஈரத்தை இழுத்து முறுக்கிக்கொள்ளும். வெள்ளை ஷீட்டின் நடுவே பச்சைப் பூவேலைப்பாடு வரும் வகையை வாங்கினால், அதற்குத் தண்ணீர் சேராத எபாக்சி பசை தேவைப்படும் என்பதைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பளபளக்கும் பாலிஷ் வகையா, மங்கலான மேட் வகையா? சுவருக்குப் பாலிஷ் சரி. தரைக்கு நான் மேட்தான் சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு. அமிலத்தால் வரும் மங்கல் மேட் பரப்பில் அவ்வளவாகக் கண்ணில் படாது. ஏற்கெனவே மங்கலாக இருப்பதை என்ன மங்கலாக்க முடியும்? வழுக்குவதும் குறைவு. மார்பிளின் கடினம் 1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவில் சுமார் 3, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. வாசலிலிருந்து காலோடு வரும் மணல் பாலிஷ் தரையைத் தினமும் கீறிக்கொண்டுதான் இருக்கும். தரைக்கு ஓர் அங்குலம் அல்லது அதற்கும் சிறிய சில்லுகள் நல்லது. ஜாயின்ட் அதிகம் என்பதால் ஈரக்காலுக்குப் பிடிப்பு கிடைக்கும், தண்ணீர் வடியும் சரிவான வாட்டத்துக்கு ஏற்பவும் வளைந்து கொடுக்கும். அறுகோணம், மீன்முள் போன்ற வடிவங்களுக்கு ஓரத்தில் வெட்டுச் சேதாரம் கூடும். சதுரத்துக்குப் 10 சதவீதம் கூடுதலாக வாங்கினால் அவற்றுக்கு 15 சதவீதம் வாங்குங்கள். ஒரே நாளில், ஒரே லாட்டில் எல்லாவற்றையும் வாங்கிவிடுவது முக்கியம். பிறகு போய்க் கேட்டால் அதே வெள்ளை கிடைக்காது.

இனி கொத்தனார் விஷயம். சிமெண்ட் பால் வேண்டாம். மெல்லிய வெள்ளை மார்பிள் ஒளியை ஓரளவு உள்ளே விடும் கல். அடியில் சாம்பல் சிமெண்ட் இருந்தால் மேலே அழுக்கு வெள்ளையாகத் தெரியும். ஈரம் இழுத்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். பாலிமர் கலந்த வெள்ளை டைல்ஸ் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். பையின்மீது ஐ.எஸ். 15477 என்ற தரநிலை எண் இருக்கிறதா, இயற்கைக் கல்லுக்கும் ஈரப்பகுதிக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். வெள்ளை சிமெண்டில் பசையைக் கொஞ்சம் கலந்து "இதுவும் அதுதான் சார்" என்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றல்ல.

அடித்தளம் இன்னும் முக்கியம். பெரிய டைல்ஸ் தரையின் சிறு மேடுபள்ளத்தை மறைத்துவிடும். மொசைக் அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்தால் அடியில் 2 முதல் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. அதற்கு மேல் இருந்தால் பதிப்பதற்கு முன்பே பூசிச் சரிசெய்ய வேண்டும். பசையைத் தடிமனாக அப்பிச் சரிக்கட்டுவது வேலைக்கு ஆகாது. புதுப் பூச்சு முடிந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். சுவரில் பட்டியோ பெயிண்டோ இருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள மார்பிள் சதுர அடிக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடை வரும், அதைப் பெயிண்ட் தாங்காது.

குளியலறைத் தரையில் ஒரு மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வாட்டம் இருக்கட்டும். நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, அது காய்ந்ததும் வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளத்து மேற்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்க யாராவது முயன்றால் விடாதீர்கள். பின்னால் ஒழுகினால் உடைக்க வேண்டியது மொத்தத் தரையையும்.

பதிக்கும் முன் எல்லாப் பெட்டிகளையும் பிரித்து ஷீட்களைக் கலந்து, தரையில் பசையில்லாமல் விரித்துப் பாருங்கள். வெளுப்பு ஒரு பக்கமும் சாம்பல் ஒரு பக்கமுமாக ஒதுங்காமல் இருக்க இது ஒன்றே வழி. பசையை வரிவரியாக இழுக்கும் பல்கரண்டியின் பல் சிறியதாக, 4 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். பசையை இழுத்த பிறகு கரண்டியின் தட்டைப் பக்கத்தால் வரிகளை லேசாக அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஷீட்டை அழுத்தும்போது பசை ஜாயின்ட் வழியே பிதுங்கி மேலே வந்து, கிரவுட் போட இடமில்லாமல் ஆக்கிவிடும். நம் வெயிலில் பசை சீக்கிரம் தோல் கட்டும். விரலால் தொட்டால் ஒட்டாத பசைமீது ஷீட் வைத்தால் பிடிக்காது. ஒரு நேரத்துக்கு மூன்று, நான்கு ஷீட்டுக்கான பசை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். ஷீட்டை வைத்ததும் மரக்கட்டையால் தட்டிச் சமமாக்கி, முதல் ஷீட்டை உடனே ஒருமுறை உரித்து முதுகைப் பாருங்கள். எல்லாச் சில்லிலும் பசை முழுமையாகப் படிந்திருந்தால் தொடரலாம்.

ஷீட்டும் ஷீட்டும் சேரும் கோடு வெளியே தெரிந்தால் மொத்த வேலையும் கட்டம்போட்ட நோட்டுப் புத்தகம் போல ஆகிவிடும். சேரும் இடத்தின் இடைவெளியும் ஷீட்டுக்குள் உள்ள இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஓரத்துச் சில்லுகளை வலையிலிருந்து அறுத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்க வேண்டும். அறையின் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக டார்ச் அடித்துப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் சில்லு ஒவ்வொன்றும் நிழல் காட்டும். பசை இறுகும் முன்பே இதைச் செய்தால் திருத்திவிடலாம். கண்ணாடிக்கு மேலே விளக்கு வைக்கப்போகிற சுவர் என்றால் இதைத் தவறாமல் செய்யுங்கள். அந்த விளக்கு தினமும் குறையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கும். வெட்டுவதற்கு, பல் இல்லாத வளைய விளிம்பு கொண்ட டைமண்ட் பிளேடும் தண்ணீரும் வேண்டும். உலர்வெட்டில் ஓரம் பொரிந்துவிடும்.

இத்தனையும் செய்யக்கூடியவரா உங்கள் கொத்தனார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சிமெண்ட் பலகையில் இரண்டு ஷீட்டைச் சேர்த்துப் பதித்து, கிரவுட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். மொசைக் வேலைக்குச் சதுர அடிக் கூலி சாதாரண டைல்ஸைவிட அதிகம்தான் கேட்பார்கள். நியாயமானதுதான், அதில் பேரம் பேசி அவசரப்படுத்தாதீர்கள்.

கிரவுட்டில்தான் நல்ல வேலைகள் கெடுகின்றன. பதித்து இரண்டு மூன்று நாள் ஈரம் வெளியேறக் காத்திருந்துவிட்டு, கிரவுட் போடும் முன்பே கல்லுக்கு ஒருமுறை சீலர் (நுண்துளைகளில் ஊறும் திரவம்) பூசுங்கள். இல்லாவிட்டால் கிரவுட்டின் நிறத்தைக் கல் ஓரங்களில் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைக் கல்லுக்குக் கருப்பு கிரவுட் படத்தில் அழகாக இருக்கும். நேரில் பல சமயம் ஒவ்வொரு சில்லைச் சுற்றியும் புகைபிடித்த மாதிரி ஓரம் விழும். வெளிர் சாம்பல் போட்டால் அழுக்கும் தெரியாது, ஓரமும் விழாது. 3 மில்லிமீட்டருக்குக் குறைவான ஜாயின்டுக்கு மணல் கலக்காத கிரவுட். மணல் கிரவுட்டைத் தேய்த்தால் பாலிஷ் கீறிவிடும். எபாக்சி கிரவுட் கறையை அண்டவிடாது, குளியலறைத் தரைக்கு எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் போடும்போதே துடைத்துவிட வேண்டும். இறுகிவிட்டால் சில்லின் நுண்துளையில் போய் உட்கார்ந்துகொண்டு வராது. செராமிக் டைல்ஸ் மீது படிந்த கிரவுட் பூச்சை ஆசிட் கலந்த திரவத்தால் கழுவுவது கொத்தனார்களின் கடைசி நாள் வழக்கம். அன்றைக்கு நீங்கள் நேரில் நில்லுங்கள். புது மார்பிளில் முதல் ஆசிட் விழுவது பெரும்பாலும் அந்த நாளில்தான்.

சீலர் என்றதும் பலரும் கவசம் என்று நினைக்கிறார்கள். கல்லின் துளைக்குள் போய் எண்ணெயும் தண்ணீரும் இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. அமிலத்தை அது தடுக்காது. மேலே பூச்சாக நிற்கும் பளபளப்பு வகை வேண்டாம், குளியலறையில் உரிந்துவிடும். உள்ளே ஊறும் வகையை வாங்கிப் பூசி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். எப்போது மறுபடி பூசுவது? ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கல்மீது விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அடியில் கல் கருத்தால் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஈரமான தரைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, பூஜையறைச் சுவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று பொதுவாக வரும்.

அன்றாடப் பராமரிப்பு பெரிய விஷயமில்லை. பாத்திரம் கழுவும் திரவம் போல அமிலமோ பிளீச்சோ இல்லாத மென்மையான சோப்பை ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுக் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்தால் போதும். வினிகர், எலுமிச்சை, புளித்த மோர் எல்லாம் இயற்கைப் பொருள் என்ற பெயரில் யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பானால் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளிவிடுவதுதான் உப்புப் படியாமல் தடுக்கும் அன்றாட வழி. தண்ணீர் நின்று காயாவிட்டால் உப்பு மிஞ்சாது. எண்ணெய்க் குளியல் நாளில் எண்ணெயையும் சீயக்காயையும் தரையில் ஊறவிடாமல் உடனே சோப்புப் போட்டு அலசிவிடுங்கள். சீயக்காய்க்கும் லேசான அமிலத்தன்மை உண்டு, போதாததற்கு நிறமும் ஏற்றும். இரும்பு வாளி, ஷேவிங் நுரை டப்பா போன்றவற்றை ஈரத்தரையில் விட்டுவைத்தால் துருவட்டம் விழும், அது எளிதில் போகாது.

அப்படியும் கறை விழுந்தால் தேய்க்காதீர்கள், உறிஞ்சி எடுங்கள். மஞ்சள், காப்பி, மருதாணி போன்ற நிறக்கறைக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் சமையல் சோடாவைக் குழைத்து, தோசைமாவைவிடக் கெட்டியாகக் கறைமீது அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்து, தானாகக் காயவிட்டுத் துடையுங்கள். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை ஆகும். அடர்நிறக் கல்லில் இதைச் செய்ய வேண்டாம், வெளிறிவிடும். மஞ்சளுக்கு வெயிலும் நல்ல மருந்து. வெயில் படும் ஜன்னலோரம் என்றால் தானாகவே மங்கும். எண்ணெய்க் கறைக்குப் பெராக்சைடுக்குப் பதில் அசிட்டோனும் முகப்பவுடரும் குழைத்து அதே முறை. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் பூஜையறையில் செய்யும்போது விளக்கு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

அமிலம் பட்டு மங்கிய இடத்துக்கு இந்தப் பற்றெல்லாம் பயன்படாது. பாலிஷ் சுவரில் சிறு இடமென்றால் மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில் எடுத்து அந்தச் சில்லை மட்டும் வட்டமாகத் தேய்த்து ஓரளவு மீட்கலாம். மேட் தரையென்றால் 400 நம்பர் டைமண்ட் பேடால் ஈரமாகத் தேய்ப்பார்கள். பெரிய பரப்பு கெட்டிருந்தால் பாலிஷ் போடுபவரைக் கூப்பிடுங்கள், ஆனால் கனமான தரை மெஷினை மொசைக்மீது ஓட்ட விடாதீர்கள். கையடக்க மெஷின் போதும்.

சில்லு ஒன்றிரண்டு உடைந்தாலோ பெயர்ந்தாலோ மொசைக்கில் ஒரு சௌகரியம் உண்டு: அதை மட்டும் கெல்லி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். அதற்காகவே மிச்சமான நான்கு ஷீட்டையும், மீந்த கிரவுட்டின் பாக்கெட்டில் உள்ள நிற எண்ணையும், சீலர் பாட்டிலின் பெயரையும் ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். பெட்டியின்மேல் எந்த அறைக்கானது என்று எழுதி ஒட்டுங்கள்.